குடிக்காத செல்லப்பனும் மூடாத பள்ளமும்

அன்புராஜ் எழுதியதையெல்லாம் ஒரு வரி விடாமல் படித்த வாசகன் இந்த உலகத்தில் ஒருவன்தான். அது நான். படித்ததைச் சிவப்புப் பேனாவால் அடித்தவனும் நானேதான். ஆறு வருடம் இந்த வேலையைச் செய்தேன், அதுவும் அரசாங்கச் சம்பளத்தில்.

என் பெயர் அரிகரன். ஒரு கொம்யூன் பஞ்சாயத்து அலுவலகத்தில் எழுத்தர். பல ஊர்களுக்குச் சேர்த்து ஒரு பஞ்சாயத்து, அதைத்தான் எங்கள் புதுச்சேரியில் கொம்யூன் என்போம். எந்தக் கொம்யூன் என்று மட்டும் கேட்காதீர்கள். இப்போது நான் சஸ்பெண்டில் இருக்கிறேன், விசாரணை முடியவில்லை, அதற்குள் இன்னொரு மெமோ வாங்க உடம்பில் தெம்பில்லை. வில்லியனூருக்கும் பாகூருக்கும் நடுவில் எங்கேயோ என்று வைத்துக்கொள்ளுங்கள். சஸ்பெண்ட் ஆன மனிதனுக்குப் பகலில் தூங்குவதைத் தவிர வேலை கிடையாது. எனக்குத் தூக்கமும் வரவில்லை. அதனால் எழுதுகிறேன்.

எழுத்தாளன் என்றதும் நீங்கள் ஜிப்பாவையும் ஜோல்னாப் பையையும் நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பல்ல. அன்புராஜ் பேனர் கடைக்காரன். கூட்டுரோட்டில் பத்துக்கு எட்டு அளவில் ஒரு கடை, ஒரு கம்ப்யூட்டர், காற்று வருகிறதோ இல்லையோ சத்தம் வரும் ஒரு டேபிள் ஃபேன். எங்கள் பக்கத்தில் காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கல்யாணம், அண்ணன் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று எதையும் பேனர் இல்லாமல் செய்ய மாட்டார்கள். செத்துப் பதினாறாம் நாள் காரியம் வரை பேனர் உண்டு. அதில் வரும் எழுத்துக்கு ‘மேட்டர்’ என்று பெயர். மற்ற கடைகளில் பழைய மேட்டரில் பெயரையும் போட்டோவையும் மாற்றிக் கொடுத்துவிடுவார்கள். இவன் ஒவ்வொரு முறையும் வீட்டாரை உட்காரவைத்துக் கேட்டுக் கேட்டுப் புதிதாக எழுதுவான். பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. ஒரே ஒரு கெட்ட பழக்கம், நடந்ததை எழுதுவான்.

இது பிறவியிலேயே வந்த கோளாறு. கரிக்கலாம்பாக்கத்தில் கரும்பு வெட்டுக்குப் போகிற குடும்பத்தில் பிறந்தவன். எட்டாம் வகுப்பில் ‘எங்கள் ஊர்’ என்று கட்டுரைப் போட்டி வைத்தார்களாம். எங்கள் ஊரில் பதினோரு குடிநீர்க் குழாய்கள் உள்ளன, மூன்றில் தண்ணீர் வரும் என்று ஆரம்பித்திருக்கிறான். கையெழுத்து முத்து முத்தாக இருக்கிறது என்று வாத்தியார் முதுகில் தட்டிக்கொடுத்து, அந்த மூன்றை மட்டும் எடுத்துவிட்டால் முதல் பரிசு உனக்குத்தான் என்றாராம். எடுக்கவில்லை. ஆறுதல் பரிசாக ஒரு சோப்பு டப்பா கொடுத்து அனுப்பிவிட்டார்கள்.

கடை போட்ட முதல் வருடமே ஒரு தலைவருக்குப் பிறந்தநாள் பேனர் வந்தது. பேனரில் போடக் கொடுத்த போட்டோவில் அவர் முகத்துக்கு இருபத்தெட்டு வயது. அன்புராஜ் அதற்குக் கீழே ‘அறுபத்தெட்டாவது பிறந்தநாள்’ என்று போட்டுவிட்டான். தொண்டர்கள் கடையை முற்றுகையிட்டார்கள். வயது தப்பா என்று கேட்டிருக்கிறான். தப்பில்லை, ஆனால் அண்ணனுக்கு வயது உண்டு என்பதை நீ எப்படிச் சொல்லலாம் என்று சத்தம் போட்டிருக்கிறார்கள். இன்னொரு கல்யாணத்தில் மாப்பிள்ளை பெயருக்குப் பக்கத்தில் ‘பி.இ., நான்கு அரியர்’ என்று எழுதினான். பெண் வீட்டார் மட்டும் வந்து தனியாக நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள்.

கண்ணீர் அஞ்சலிதான் வம்பை எங்கள் அலுவலகத்துக்குள் கொண்டுவந்தது. ஒருவர் மின்சாரம் தாக்கி இறந்தார். ‘இரண்டு வருடமாகத் தொங்கிக்கொண்டிருந்த கம்பி பட்டு’ என்று எழுதினான். இன்னொருவர் ஆம்புலன்ஸ் வராமல் இறந்தார். எத்தனை மணிக்குப் போன் செய்தார்கள், எத்தனை மணிக்கு வண்டி வந்தது என்று பஸ் டைம் மாதிரி இரண்டையும் போட்டுவிட்டான். துறைகளிலிருந்து எங்கள் ஆணையருக்குப் போன் மேல் போன். அன்றைக்குத்தான் புது நடைமுறை வந்தது. இனி எந்த பேனரின் மேட்டரையும் மூன்று பிரதியில் அலுவலகத்தில் கொடுத்து முத்திரை வாங்கிய பிறகே அடிக்க வேண்டும். பேனர் வைக்கவே தடை இருக்கிற ஊரில் பேனருக்கு முத்திரையா என்று நீங்கள் கேட்கலாம். கேட்காதீர்கள். அந்தத் தடையையே நாங்கள் பன்னிரண்டுக்கு எட்டு அடியில் பேனராக அடித்துத்தான் கூட்டுரோட்டில் வைத்திருக்கிறோம்.

மேட்டர் படிக்கிற வேலை என் தலையில் விழுந்தது. ஆரம்பத்தில் எரிச்சலாக இருந்தது, போகப் போக ருசி கண்டுவிட்டேன் என்பதையும் மறைக்கக் கூடாது. எங்கள் அலுவலகத்தில் எல்லாச் சாவுக்கும் ஒரே காரணம் வைத்திருந்தோம், திடீர் மாரடைப்பு. கம்பி பட்டவர், பாம்பு கடித்தவர், லாரி ஏறியவர் எல்லோரும் மாரடைப்பில்தான் போனார்கள். மாரடைப்பு நல்ல நோய், எந்தத் துறைக்கும் விளக்கம் கேட்டுக் கடிதம் வராது. அன்புராஜ் எழுதிக் கொண்டுவருவான், நான் அடிப்பேன், அடித்ததை அவன் படித்துப் பார்த்துவிட்டு அடுத்த நாள் வேறு மாதிரி எழுதிக் கொண்டுவருவான். வேறு மாதிரி என்றாலும் அதே உண்மைதான். அவனைப் பார்த்தால் எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். வராத நாளில் எங்கே ஆளைக் காணோம் என்றும் இருக்கும்.

போன மார்கழியில் ஒரு நாள் அவன் கடையில் உட்கார்ந்திருந்தேன். டவுனில் ஸ்வெட்டர் விற்க வருடா வருடம் வரும் திபெத்துக்காரர் ஒருவர் தள்ளுபடி போர்டு அடிக்க வந்திருந்தார். மேசை மேலிருந்த மேட்டரில் சிவப்புக் கோடுகளைப் பார்த்துவிட்டு இது என்ன என்று கேட்டார். அன்புராஜ் சொன்னான். அவர் அரைத் தமிழில், அங்கே திபெத்தில் தன் சித்தப்பா மகனும் எழுதுகிறவன்தான், ஊரைப் பற்றி நாலு பக்கம் எழுதினான், போலீஸார் கூட்டிக்கொண்டு போனார்கள், பதினோரு வருடமாக ஆள் எங்கே என்றே தெரியவில்லை என்றார். எனக்குப் பெருமையாக இருந்தது. நம் ஊரில் எழுதியவனைக் காணாமல் ஆக்குவதில்லை, ஃபைலைத்தான் காணாமல் ஆக்குவோம் என்று சொல்லிச் சிரித்தேன். இவர் யார் என்று அந்த மனிதர் கேட்க, அந்தச் சிவப்புக் கோடு போடுகிறவர் என்று அன்புராஜ் சொன்னான். அவர் தன் நாற்காலியைக் கொஞ்சம் தள்ளிப் போட்டுக்கொண்டார். எனக்குச் சுருக்கென்றது. வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டதும் சரியாகிவிட்டது.

இனிமேல்தான் செல்லப்பன் கதை.

செல்லப்பன் ரைஸ்மில்லில் மூட்டை தூக்கியவர். வயலை மனையாக்கி ‘நெற்கதிர் கார்டன்’ என்று பெயர் வைத்திருக்கிறார்களே, நெல் இப்போது அந்தப் பெயரில் மட்டும்தான் இருக்கிறது, அதைத் தாண்டி இருக்கும் காலனியில் அவர் வீடு. கார்டனுக்கு வடிகால் போட என்று ரோட்டோரம் எங்கள் அலுவலகம் ஒரு பள்ளம் தோண்டியது. தோண்டுவதற்கு ஒரு ஃபைல், மூடுவதற்கு இன்னொரு ஃபைல். முதல் ஃபைலில் கையெழுத்தாகி மூன்று மாதமாயிற்று, இரண்டாவது ஃபைல் என் மேசையில் இருந்தது. ஐப்பசி மழையில் பள்ளமும் ரோடும் ஒரே மட்டமாகத் தண்ணீர். சாயங்காலம் வேலை விட்டு வந்த மனிதர் சைக்கிளோடு உள்ளே போய்விட்டார். எடுத்தபோது உயிர் இல்லை.

அந்த ஊரில் மதுவைத் தொடாத ஆண்பிள்ளைகளை ஒரு ஆட்டோவில் ஏற்றிவிடலாம். அதில் செல்லப்பன் முதல் சீட். அப்பன் குடித்தே செத்ததைப் பார்த்தவர், கல்யாண வீட்டில் கூட்டாளிகள் கிண்டலடிக்கக் கிண்டலடிக்கக் கலர் சோடா வாங்கிக் குடித்துவிட்டு வருவார். ஆனால் அலுவலகக் குறிப்பில் ‘மதுபோதையில் தவறி விழுந்து’ என்று ஏறிவிட்டது. ‘சடலத்தில் மது வாடை வீசியது’ என்றும் இருந்தது. நாலடிக்கு ஒரு சாராயக் கடை இருக்கிற பிரதேசத்தில் ஒருவன் குடித்திருந்தான் என்றால் யாரும் மறு கேள்வி கேட்பதில்லை. மூன்றாம் நாளே ஊர் முழுக்க அதுதான் பேச்சு. பத்தாவது படிக்கும் அவர் மகள் சுவேதாவைப் பள்ளிக்கூடத்தில் குடிகாரன் பொண்ணு என்று கூப்பிட்டார்களாம். அந்தப் பெண் அதோடு பள்ளிக்குப் போகவில்லை.

அந்தக் குறிப்பை எழுதியவன் நான்தான். இடத்தைப் போய்ப் பார்த்து எழுத வேண்டியது விதி. மழை கொட்டிக்கொண்டிருந்தது, ஆணையர் வழக்கமாக எழுதுவதை எழுதுங்கள் என்றார், நான் நாற்காலியை விட்டு எழாமல் எழுதினேன். மாரடைப்பு என்று எழுதியிருப்பேன், பாழாய்ப்போன சைக்கிள் பள்ளத்துக்குள்ளேயே கிடந்தது.

பதினாறாம் நாள் காரியத்துக்கு பேனர் வைக்க வேண்டும் என்று செல்லப்பன் மனைவி செங்கமலம் அன்புராஜிடம் போனாள். அவன் எப்போதும் பத்து வரி எழுதுகிறவன், இந்த முறை ஒரே வரிதான் எழுதினான். ‘குடிக்காத செல்லப்பன், கொம்யூன் மூடாத பள்ளத்தில் விழுந்து இறந்தார்.’ மூன்று பிரதி எடுத்துக்கொண்டு இருவரும் அலுவலகத்துக்கு வந்தார்கள். சிவப்புப் பேனாவை எடுத்தேன். ‘குடிக்காத’ அடித்தேன். ‘கொம்யூன் மூடாத’ அடித்தேன். மீதியை ஆணையரிடம் கொண்டுபோனேன். அவர் பள்ளம் என்ற சொல் பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கும், ‘தாழ்வான பகுதி’ என்று போடலாமே என்றார். நான் வெளியே வந்து, செல்லப்பன் தாழ்வான பகுதியில் இறந்தார் என்று போட்டால் உடனே முத்திரை என்று சொன்னேன். சொல்லும்போதே நாக்கு கூசியது.

செங்கமலம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“பள்ளத்த இன்னாவா வேணா எழுதிக்கோங்க சார். செத்தவர திருப்பிக் குடுங்கன்னா கேக்குறேன்? குடிக்கலன்னு மட்டும் போடுங்க. எம்பொண்ணு வூட்ட வுட்டு வெளிய வர மாட்டேன்னுது.”

அந்த ஒரு சொல்லைத்தான் விட முடியாது. அதை விட்டால் குறிப்பு பொய்யாகும், குறிப்பு பொய்யானால் பள்ளம் நிஜமாகும், பள்ளம் நிஜமானால் என் மேசையில் இருக்கிற ஃபைலைக் கேட்பார்கள். இதையெல்லாம் அவளிடம் சொல்ல முடியுமா? விதியில் இடமில்லை அம்மா என்றேன்.

அன்புராஜ் முத்திரை இல்லாமலே பேனரை அடித்துக் கூட்டுரோட்டில் கட்டிவிட்டான். அங்கே ஏற்கெனவே முத்திரை இல்லாமல் பதினான்கு பேனர்கள் இருந்தன. எங்கள் ஆட்கள் ஒரு மணி நேரத்தில் வந்து இது ஒன்றை மட்டும் கிழித்தார்கள். அவன் அட்டையில் எழுதிக் கடை வாசலில் மாட்டினான். மறுநாள் கம்ப்யூட்டரை ஆய்வுக்கு என்று தூக்கிக்கொண்டு வந்து கடைக்குச் சீல் வைத்தோம். என்ன ஆய்வோ, கம்ப்யூட்டரை ஆணையர் அறையில் ஸ்டூலுக்குக் கீழே வைத்துவிட்டு மறந்துபோனார்கள். மன்னிப்புக் கடிதம் ஒன்றை நானே டைப் செய்து கையெழுத்துக்கு நீட்டினேன். அவன் நிதானமாகப் படித்தான். எழுத்து நல்லா இருக்குது சார், ஆனா நான் எழுதுனா நடந்தது இருக்கும், இத நீங்க எழுதுனது, நீங்களே கையெழுத்துப் போட்டுக்கோங்க என்று திருப்பிக் கொடுத்துவிட்டான். அவன் மனைவி ஜெயா அன்றிலிருந்து ஒரு துணிக்கடை வேலைக்குப் போகிறாள். கடைக்கு இன்றைக்கும் சீல்தான்.

இவ்வளவு செய்தும் அந்த வரி ஊருக்குள் உலாவிக்கொண்டிருந்தது. ஆணையருக்குத் தலைக்கேறிவிட்டது. அந்த வாசகத்துக்கு முறைப்படி தடை ஆணை போடுங்கள் என்றார். ‘மேற்படி வாசகம்’ என்று போட்டுக் கொண்டுபோவோமா என்று எனக்கு உதவிக்கு இருந்த பையன் கேட்டான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. இருபத்தாறு வருட சர்வீஸ் எனக்கு. எதைத் தடை செய்கிறோம் என்று ஆணையில் முழுதாகச் சொல்லாவிட்டால் ஆணை செல்லாது, தணிக்கையில் கேள்வி வரும், இது கூடத் தெரியாதா? ஆகவே முழு வாசகத்தையும் மேற்கோளில் போட்டு, கண்ணில் படும்படி தடித்த எழுத்தில், இதை யாரும் எழுதவோ ஒட்டவோ கூடாது என்று தயார் செய்தேன். கீழே வட்ட முத்திரை, ஆணையருக்காக என்று என் கையெழுத்து. விதிப்படி பொது இடங்களில் ஒட்ட வேண்டும், நாற்பது பிரதி. ரேஷன் கடை, அங்கன்வாடி, பால் சொசைட்டி, தண்ணீர் டேங்க், பஸ் ஸ்டாப், ஒன்றையும் விடவில்லை. விதிப்படி ஒலிபெருக்கியிலும் அறிவிக்க வேண்டும். காலையிலிருந்து இருட்டும் வரை, இரண்டு நாள் ஒரு ஆட்டோ தெருத் தெருவாகச் சுற்றியது. “குடிக்காத செல்லப்பன், கொம்யூன் மூடாத பள்ளத்தில் விழுந்து இறந்தார்...” அதற்குப் பிறகு வரும் தடை விவரத்துக்குள் ஆட்டோ அடுத்த தெருவுக்குப் போய்விடும்.

சத்தியமாகச் சொல்கிறேன், வேண்டுமென்று செய்யவில்லை. விசாரணை அதிகாரியும் இதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்கிறார். மூளை உள்ளவன் செய்வானா என்கிறார். நான் விதிப்படி செய்தேன். விதியும் மூளையும் ஒன்றாக இருக்க வேண்டும் என்று எந்தச் சுற்றறிக்கையிலும் இல்லை.

ஊர் சிரித்தது. அப்புறம் பக்கத்து ஊர்களிலிருந்தும் ஜனங்கள் பள்ளத்தைப் பார்க்க வந்தார்கள். அன்புராஜுக்குக் கடைவாசல் அட்டைதான் கிடைத்தது, நாங்கள் நாற்பது சுவர் கொடுத்துவிட்டோம். அரசாங்க நோட்டீசைக் கிழித்தால் குற்றம் என்பதால் யாரும் கிழிக்கவும் மாட்டார்கள். ஆணையர் ரத்து செய்யுங்கள் என்று கத்தினார். ரத்து ஆணையிலும் அந்த வாசகத்தை முழுதாகப் போட்டு நாற்பது இடத்தில் ஒட்ட வேண்டும் சார் என்றேன். அவர் என்னைப் பார்த்த பார்வையை ஜென்மத்துக்கும் மறக்க மாட்டேன். கடைசியில், சத்தமில்லாமல் நீயே போய் ஒவ்வொன்றாக உரித்துக்கொண்டு வா என்று ஒரு வாளித் தண்ணீரோடு என்னை அனுப்பினார்.

காலனித் தண்ணீர் டேங்குக்குப் போனபோதுதான் உறைத்தது, அன்றைக்குப் பதினாறாம் நாள். டேங்குக்கு எதிரில்தான் செல்லப்பன் வீடு. பந்தல் போட்டு உறவுக்காரர்கள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலில் பேனர் இல்லை. செல்லப்பன் போட்டோவுக்குப் பக்கத்தில் எங்கள் தடை ஆணைதான் பிளாஸ்டிக் உறை போட்டு மாட்டியிருந்தது, முத்திரை தெரிகிற மாதிரி. கையில் வாளியோடு நின்றேன். அன்புராஜ் கடைசி வரிசையிலிருந்து எழுந்து வந்து வாளியை வாங்கிக் கீழே வைத்தான்.

செங்கமலம் உள்ளே போய் ஒரு ஜெராக்ஸ் தாளை எடுத்து வந்தாள். தகவல் உரிமைச் சட்டத்தில் அன்புராஜ் அவசர மனு போட்டு வாங்கிக் கொடுத்த என்னுடைய ஆய்வுக் குறிப்பு.

“சார், இதுல குடிச்சிருந்தாருன்னு இருக்குது. அதுல குடிக்காதன்னு இருக்குது. ரெண்டுலயும் உங்க கையெழுத்துதான்.” அவள் சத்தம் போடவில்லை. “எங்க வூட்டுக்காரர நீங்க மோந்து பாத்தீங்களா?”

பந்தலில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். வாசல்படிக்கு உள்ளே, கதவைப் பிடித்துக்கொண்டு சுவேதா நின்றிருந்தாள். விதியில் இடமில்லை என்று சொல்லிவிட்டு நடையைக் கட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். வெட்கமாக இருந்தது. இத்தனை வருடத்தில் நான் எழுதிய எதையும் யாரும் எடுத்து வைத்துப் படித்ததில்லை, இந்தப் பொம்பளை படித்திருக்கிறாள்.

“இல்லம்மா. நான் அந்தப் பக்கமே போவல.”

அன்புராஜ் ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்தான். நின்றபடியே எழுதினேன். ‘செல்லப்பன் மது அருந்தியிருந்தார் என்று, இடத்தைப் பார்க்காமலேயே, தவறுதலாக எழுதிவிட்டேன். அரிகரன், எழுத்தர்.’ எழுதி நீட்டினேன். அவன் வாங்கிப் படித்தான். என் கையிலிருந்த பேனாவை எடுத்து, ஒரே ஒரு சொல்லை அடித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தான். ‘தவறுதலாக’ போயிருந்தது.

ஆத்திரமாக வந்தது எனக்கு. ஆனால் அடித்தது சரி. கீழே கையெழுத்துப் போட்டுத் தேதியும் போட்டேன்.

செங்கமலம் அந்தத் தாளை வாங்கி உள்ளே நீட்டினாள். சுவேதா வாசல்படி தாண்டி வெளியே வந்து, பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படி படித்தாள்.